இரண்டு கட்டில், ஒரு சாவி

தபால் உறையின் பின்பக்கம் கணக்குப் போடுகிறேன்.
படகு, போக வர, இருபத்திரண்டு யூரோ.
துறையிலிருந்து கால்வே வரை பேருந்து, பதினாறு.
வக்கீல் பீஸுக்கு இதில் இடமில்லை.
அது வேறு உறை.

திங்கள் காலை பத்தரைக்குக் கோர்ட்.
அக்டோபரில் எங்கள் தீவிலிருந்து
அன்றைக்கே கிளம்பி அன்றைக்கே போய்ச் சேருவேன் என்று
யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.
கடல் சம்மதித்தால் உண்டு.
ஆகவே ஞாயிறே போய் ஒரு ராத்திரி படுக்க வேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை நான்.
ஒரு கட்டில். ஒரு கெட்டில்.
கோட்டு கசங்காமல் தொங்க ஒரு கொக்கி.
குளியலறை பொதுவில் இருந்தாலும் சரி.
கடல் தெரியும் அறைக்குப் பன்னிரண்டு யூரோ கூடுதலாம்.
கடலைக் காசு கொடுத்துப் பார்க்கும் நிலைக்கு
இன்னும் நான் வரவில்லை.

ஐந்து இடங்களுக்குப் போன் போட்டாயிற்று.
பட்டமளிப்பு வாரமாம்.
மேயோவிலிருந்தும் கெர்ரியிலிருந்தும்
தாய் தகப்பன்மார் கூட்டமாய் வந்து இறங்குகிறார்கள்,
கறுப்பு அங்கியில் பிள்ளையைப் படமெடுக்க.
ஒற்றை அறை நூற்றெழுபது என்றாள் ஒரு சின்னப் பெண்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
மன்னித்தேன். போனை வைத்தேன்.

ஆறாவது, சால்ட்ஹில்லில் திருமதி ஹெஷன்.
காலை உணவோடு எண்பது.
"ஆனால் இரட்டைக் கட்டில் அறை, மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.
இப்போதுதான் இன்னொருவர் கேட்டார்,
தனி ஆளுக்கு எண்பது கட்டாது என்றார்.
பங்கு போட்டுக்கொள்கிறீர்களா, ஆளுக்கு நாற்பது?
உங்கள் பக்கத்து மனிதர்தான்.
ஆமாம் சொல்லும்போது மூச்சை உள்ளே இழுக்கிறார்,
உங்களைப் போலவே."

பெயர் என்ன என்றேன்.
ஃபெஸ்டி.

என் அண்ணன்.
திங்கள் காலை பத்தரைக்கு அவன் வாதி,
நான் பிரதிவாதி.
பங்கு என்ற அந்தச் சொல்லில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.
இரண்டு வயலுக்கு நடுவே ஒரு பாதை,
டிராக்டர் போனால் இருபுறமும் முள் கீறும்.
அதன் வாயில் நான் ஒரு கேட் போட்டேன்.
சாவிக்கு ஒரு நகல் கேட்டான். கொடுக்கவில்லை.
பூட்டை அறுத்தான்.
ஆறு வருஷம்.
படகில் அவன் முன்பக்கம், நான் பின்பக்கம்,
எடை சரியாக இருக்கிறது என்பான் படகுக்காரன் டெக்லன்.

உறையில் கழித்துப் பார்க்கிறேன்.
நூற்றெழுபதில் நாற்பது போனால் நூற்று முப்பது.
அவன் முகம் பார்க்காமல் ஒரு ராத்திரி தூங்க
அவ்வளவு ஆகும்.
அந்தக் காசுக்குச் சந்தையில்
நல்ல செம்மறிப் பெட்டைக்குட்டி ஒன்று வரும்.

அவன் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவன்,
எந்த மாசமானாலும்.
நான் அப்படியல்ல.
அறைக்கு ஒரே டீ பாத்திரம்தான் வைப்பார்களாம்.
யார் ஊற்றுவது?
ஷூ பாலிஷ் டப்பா நான் கொண்டுபோனால் போதுமா,
அவனும் கொண்டுவருவானா?
இரண்டு வக்கீலும் நாங்கள் ஒரே கதவைத் திறந்து
வெளியே வருவதைப் பார்த்தால்
யாருக்கு பீஸைக் குறைப்பார்கள்?

"சாவி எத்தனை?" என்று கேட்டேன்.
"ஒன்றுதான். இன்னொன்றை ஜூனில் ஒரு ஜெர்மன்காரர்
பையோடு எடுத்துப் போய்விட்டார்.
முதலில் வருகிறவர் வாங்கிக்கொள்ளட்டும்.
அவரிடம் சரி என்று சொல்லிவிடவா?"

மூச்சை உள்ளே இழுத்தேன்.
அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

உறையில் நாற்பது என்று எழுதி, அடிக்கோடு போட்டு,
எரிவாயு பில்லுக்குப் பக்கத்தில் செருகிவைத்தேன்.
படகு ஒன்றுதான். பேருந்தும் ஒன்றுதான்.
இறங்கிய பிறகு நடையில் கொஞ்சம் பின்தங்கலாம்.
கடற்கரைச் சாலையில் அது முடிகிற இடம் வரை போய்,
அங்கே எல்லோரும் செய்வதுபோல்
சுவரை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்பினால்
அவன் சாவி வாங்கி உள்ளே போயிருப்பான்.

பூட்டியும் இருப்பான்.
தட்ட வேண்டியிருக்கும்.